கைக்கு ஏற்ற அறுபது கிராம்

வங்கக் கடலுக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவில் இருக்கிறது சென்னையின் கொட்டிவாக்கம். சுற்றிலும் ஐடி அலுவலகங்கள். அவற்றில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் அடுக்ககங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இந்த வீடுகள் பலவற்றில் வேலோரண்ட், கவுன்டர்-ஸ்டிரைக் போன்ற கணினி ஆட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. ஆடுவது பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, பகலெல்லாம் கோட் எழுதியவர்களும்தான். வெட்டிப் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கும் காலமும் போய்விட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு, கணினி ஆட்டப் போட்டிகளான இ-ஸ்போர்ட்ஸைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பிரிவாக அங்கீகரித்தது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கங்களே வழங்கப்பட்டன.

ஆட்டத்தை இவ்வளவு அக்கறையோடு ஆடுகிறவர்களும் மவுஸ் வாங்கப் போனால் பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். 26,000 டிபிஐ, 8,000 ஹெர்ட்ஸ் என்று பெரிய எண் எதில் இருக்கிறதோ அதுவே நல்லது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் கை, அடுத்து எடை, அதற்குப் பிறகே இந்த எண்கள்.

அடியில் ஒரு கேமரா

அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் 1964-ல் செய்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டை. அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான். பிறகு ரப்பர் உருண்டை வந்தது. 1999-ல் மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் அந்த உருண்டையையும் கழற்றிவிட்டு, ஒளியால் வேலை செய்யும் சென்சாரைப் பரவலாக்கியது.

இன்றைய மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. சிறு விளக்கு ஒன்று மவுஸ் பேடின் மேல் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்ச, துணி இழைகளின் மேடு பள்ளங்கள் நிழலாகத் தெரிகின்றன. கேமரா நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்களை எடுக்கிறது. முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, அந்த மேடு பள்ளங்கள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று உள்ளே இருக்கும் சில்லு கணக்கிடுகிறது. அதுதான் திரையில் குறியின் நகர்வாக மாறுகிறது.

ஓர் அங்குலம் நகர்த்தினால் மவுஸ் எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதே டிபிஐ. 1,920 புள்ளி அகலமுள்ள திரையை 800 டிபிஐயில் கடக்கக் கையை சுமார் 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 26,000 டிபிஐயில் 2 மில்லிமீட்டர்கூட வேண்டாம். கை லேசாக நடுங்கினாலே குறி திரையின் மறுகோடிக்கு ஓடிவிடும். குறிபார்த்துச் சுடும் ஆட்டங்களை ஆடுவோர் பெரும்பாலும் 400 முதல் 1,600 வரைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேலுள்ள எண்ணுக்குக் கொடுக்கும் காசு வீண்.

சென்சாரின் தரத்தைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் செய்த 3360 சென்சாரே நொடிக்கு 250 அங்குலம், அதாவது 6 மீட்டருக்கு மேற்பட்ட வேகம்வரை தடம் தவறாது. அவ்வளவு வேகமாக வீசும் கை அபூர்வம். பெயர்பெற்ற நிறுவனங்களின் நடுத்தர விலை மவுஸ்களில் இப்போது இதைவிடத் தேர்ந்த சென்சார்களே இருக்கின்றன.

எடை குறைந்த கதை

ஒரு காலத்தில் கனமான மவுஸ்தான் உசத்தி என்று நம்பினார்கள். 2014-ல் வந்த லாஜிடெக் ஜி502, 121 கிராம் எடை. போதாது என்பவர்கள் உள்ளே செருகிக்கொள்ளத் தலா 3.6 கிராமில் ஐந்து எடைக் கட்டிகளும் கூடவே வந்தன. வயர்லெஸ் என்றால் பேட்டரியின் சுமை வேறு. 2018-ல் வெளியான லாஜிடெக் ஜி305, ஏஏ பேட்டரியோடு சேர்த்து 99 கிராம். அதில் ஏறக்குறைய 23 கிராம் அந்த ஒரு பேட்டரிதான்.

சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி இந்தக் கணக்கை மாற்றியது. சில கிராமில் பல பத்து மணி நேரம் ஓடும் பேட்டரி கிடைத்தது. கூட்டின் பிளாஸ்டிக்கை மெலிதாக வார்க்கக் கற்றார்கள். சிலர் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்டே எடையைக் குறைத்தார்கள். 2018-ல் லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராம். 2020-ல் ஓட்டை எதுவும் இல்லாமலே ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்குக் கீழே வந்தது. 2022-ல் ரேசர் வைப்பர் வி2 ப்ரோ 58, 2024-ல் வி3 ப்ரோ 54. ஒரு கோழிமுட்டையின் எடைக்கு வந்துவிட்டது மவுஸ்.

இதனால் ஆடுபவருக்கு என்ன லாபம்? குறி நகரும் வேகத்தைக் குறைத்து வைத்து ஆடுபவர் மவுஸை நீளமாக இழுத்து, பேடின் ஓரம் வந்ததும் தூக்கி, மறுபடி நடுவில் வைக்கிறார். ஒரே இரவில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கும். ஓடும் பொருளைச் சட்டென்று நிறுத்தவும் எதிர்ப்பக்கம் திருப்பவும் தேவைப்படும் விசை அதன் எடையைப் பொறுத்தது. எடை குறைந்தால் விரல்களும் மணிக்கட்டும் குறைவாக உழைக்கின்றன. குறியைத் தாண்டி ஓடிவிட்டுத் திரும்பி வருவதும் குறைகிறது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 100 கிராமிலிருந்து 60 கிராமுக்கு வந்தால் முதல் நாளே தெரியும். 60-லிருந்து 50-க்கு வருவது அப்படியல்ல. மவுஸின் மேல் படிந்திருக்கும் கையின் பாரம் அந்தப் பத்து கிராமைவிட எத்தனையோ மடங்கு. அதற்காக அழுத்தினால் நெளியும் மெல்லிய கூட்டை வாங்க வேண்டியதில்லை.

கையை அளந்து பாருங்கள்

மணிக்கட்டின் ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். உள்ளங்கை முழுவதும் படிந்தால் பாம் கிரிப். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் தொட்டு விரல்கள் வளைந்து நின்றால் கிளா கிரிப். விரல் நுனிகள் மட்டும் தொட்டால் ஃபிங்கர்டிப்.

பெரிய கையும் பாம் கிரிப்பும் உள்ளவருக்கு முதுகு உயர்ந்த நீளமான மவுஸ் வேண்டும். விரல் நுனியால் பிடிப்பவருக்கு அதுவே இடைஞ்சல். குட்டையாகவும் தட்டையாகவும் இருந்தால்தான் விரல்கள் உள்நோக்கி இழுக்க இடம் கிடைக்கும். 125 மில்லிமீட்டர் நீள மவுஸ் அப்பாவின் கையில் அடங்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்தே ஆடும். அந்த இறுக்கம்தான் மணிக்கட்டு வலிக்கு வழி. வீட்டுக்கு ஒரு மவுஸ் போதும் என்ற சிக்கனம் இங்கே பிள்ளையின் கையைத்தான் பாதிக்கும். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் கூடு இருபுறமும் சமமாக இருக்கிறதா என்பதோடு, பக்கப் பொத்தான்கள் எந்தப் பக்கம் உள்ளன என்றும் பார்க்க வேண்டும்.

காற்றில் போகும் சேதி

வயர்லெஸ் என்றால் தாமதம் என்ற பயம் இன்னும் போகவில்லை. ப்ளூடூத்தில் அந்தப் பயம் நியாயமானது. அலுவலக வேலைக்குத்தான் அது சரி. கேமிங் மவுஸ்களோடு வரும் ரிசீவர் தனக்கென்று தனி முறையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், நொடிக்கு 1,000 முறை, அதாவது 1,000 ஹெர்ட்ஸில், சேதி வாங்குகிறது. ஒரு சேதிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரே மில்லிநொடி. கம்பியுள்ள கேமிங் மவுஸுக்கும் இதே கணக்குதான்.

ஆனால் அதே 2.4-ல்தான் பக்கத்து வீட்டு வைஃபையும் இருக்கிறது. அடுக்ககத்தில் மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு ரூட்டர்கள். கணினியின் யுஎஸ்பி 3.0 துளைகளும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன. எனவே ரிசீவரைக் கணினியின் பின்புறம் செருகி மறந்துவிடாதீர்கள். நீட்டிப்பு ஒயர் மாட்டி, மவுஸ் பேடுக்கு ஓரிரு சாண் தூரத்தில் வையுங்கள். பாதிச் சிக்கல்கள் இதிலேயே தீரும்.

8,000 ஹெர்ட்ஸ் என்பது அந்த ஒரு மில்லிநொடியை எட்டில் ஒன்றாக்குகிறது. அதாவது மிச்சம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. இதை ஆட்டத்தின் சேதி இணையத்தில் போய்வரும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். வேலோரண்டின் இந்திய சர்வர் மும்பையில் இருக்கிறது. சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பவே குறைந்தது 10 மில்லிநொடி. நடைமுறையில் அதைவிடக் கூடுதல். சிங்கப்பூர் சர்வர் என்றால் கடலடிக் கேபிளில் சுமார் 3,200 கிலோமீட்டர், போய்வர 32 மில்லிநொடி. கவுன்டர்-ஸ்டிரைக்குக்கு மட்டும் சென்னையிலேயே சர்வர் உண்டு என்பது நமக்கு வாய்த்த வசதி. இந்த எண்களுக்குப் பக்கத்தில் மவுஸ் மிச்சப்படுத்தும் துளியை வைத்துப் பாருங்கள். அதற்கு விலையும் இருக்கிறது: வைப்பர் வி3 ப்ரோ 1,000 ஹெர்ட்ஸில் 95 மணி நேரம்வரை ஓடும், 8,000-ல் 17 மணி நேரம்தான் என்கிறது ரேசர்.

உப்புக் காற்றும் வியர்வையும்

மவுஸ் விமர்சனங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளிலிருந்து வருகின்றன. கடலோரத்தில் வாழ்பவர்கள் சிலவற்றைத் தாங்களாகவே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவாகும் டபுள் கிளிக் கோளாறு, மவுஸ்களின் பரவலான நோய். சாதாரண பொத்தானுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வளைந்து தொட்டு மின்சாரம் பாயவிடுகிறது. தொடும் இடம் தேய்ந்தாலோ அதில் ஆக்சைடு படலம் படிந்தாலோ தொடர்பு விட்டுவிட்டு வரும். ஈரக் காற்று இதை விரைவுபடுத்தும். ஆப்டிக்கல் ஸ்விட்ச் உள்ள மவுஸில் தகட்டின் தொடர்புக்கே வேலையில்லை. அகச்சிவப்பு ஒளி மறிக்கப்படுகிறதா இல்லையா என்பதை வைத்தே அழுத்தம் பதிவாகிறது. கொட்டிவாக்கத்துக்கு அதுவே பொருத்தம்.

தேன்கூடு ஓட்டை வைத்த கூடும் இங்கே வேண்டாம். வியர்வையும் தூசியும் நேராகச் சர்க்யூட் பலகையில் போய் உட்காரும். ஓட்டையில்லாமலே 60 கிராம் கிடைக்கும்போது அந்தச் சமரசம் எதற்கு? மே மாத வியர்வையில் மேற்பூச்சு நழுவலாம். நழுவினால் கிரிப் டேப் ஒட்டிக்கொள்ளலாம். துணி மவுஸ் பேடும் ஈரத்தை உறிஞ்சி ஐப்பசி மழைநாளில் இழுவையாகிவிடும். லேசான மவுஸ் அந்த நாட்களில் கைக்குப் பெரிய ஒத்தாசை.

எங்கே, எப்படி வாங்குவது

இணையத்தில் விலை குறையலாம், ஆனால் பிடித்துப் பார்க்க முடியாது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கும் அதன் பக்கத்து நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருக்களுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். மாதிரி வைத்திருக்கும் கடையில் உங்கள் வழக்கமான பிடியில் சில நிமிடம் நகர்த்திப் பாருங்கள். பக்கப் பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டுகிறதா, தூக்கும்போது சுண்டுவிரலுக்குப் பிடிமானம் இருக்கிறதா என்று சோதியுங்கள். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வாரண்டி கேட்டு நிற்க முடியாது.

நடுத்தர விலையில் கைக்குப் பொருந்தும் ஒன்று கிடைத்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பணத்தை மானிட்டரில் போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை புதுப் படத்தை 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை காட்டுகிறது. 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லிநொடிக்கு ஒருமுறை. ஏறக்குறைய பத்து மில்லிநொடி வித்தியாசம். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதை எந்த மவுஸும் தராது.