வாசலைச் சுற்றி 15 சென்ட்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் பேசியது)

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்தில் நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் நிறையப் பேர். காட்டுக்கொட்டாய் என்போம். மூணு நாலு ஏக்கருக்கு நடுவில் வீடு, கிணறு, மாட்டுக் கொட்டகை. மக்காச்சோளப் பட்டத்தில் போய்ப் பார்த்தால் வீட்டுச் சுவர் வரைக்கும் உழுது விதைத்திருக்கும். நிலம் நம்முடையது, கறிவேப்பிலை மட்டும் சந்தையிலிருந்து வருகிறது!

2018-இல் படைப்புழு வந்தபிறகு இந்தப் பழக்கம் ஆபத்தாகவும் ஆகிவிட்டது. புழு விழுந்த சோளத்துக்கு மருந்து அடித்தே ஆக வேண்டியிருக்கிறது. சுவர் ஓரத்துப் பயிருக்கு அடிக்கிற மருந்து காற்றில் ஏறித் திண்ணையில் இருக்கிற தண்ணீர்ப் பானையிலும், மாட்டுத் தொட்டியிலும், குழந்தைகளின் மேலும்தான் இறங்கும். ஆகவே சுவரிலிருந்து நாலு பக்கமும் 30 அடி விட்டுவிடுங்கள். காற்று வீட்டுப் பக்கம் அடிக்கும்போது தெளிப்பானைத் தொடாதீர்கள்.

"அவ்வளவு இடம் விட்டால் சோளம் என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். 30 அடிக்கு 20 அடி வீடு என்று வையுங்கள். சுற்றி 30 அடி விட்டால் 6,600 சதுர அடி, அதாவது 15 சென்ட். நாலு ஏக்கரில் இது பெரிசில்லை. அந்த 15 சென்ட்டையும் சும்மா போடச் சொல்லவில்லை.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் குளிக்க, பாத்திரம் கழுவ, துணி துவைக்க ஒரு நாளைக்கு 200 லிட்டருக்குக் குறையாமல் செலவாகிறது. அது வாசலில் சேறாகிக் கொசுவைத்தான் வளர்க்கிறது. வாய்க்கால் வெட்டிப் பின்பக்கம் திருப்பி, முதலில் ஒரு சின்னக் குழியில் கல்லும் மணலும் போட்டு வடியவிட்டு, அப்புறம் வாழைக்கும் சேப்பங்கிழங்குக்கும் விடுங்கள். பத்து வாழை தாராளமாக நிற்கும். சோப்புத் தண்ணீர் ஒரே இடத்தில் பாய்ந்தால் மண் இறுகிப்போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாய்க்காலை மாற்றுங்கள். கீரைப் பாத்திக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரே விடுங்கள்.

கூரைத் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். 600 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 550 லிட்டர் விழுகிறது. முதல் மழையைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கிணற்றோரக் குழியில் இறக்கலாம். ஆனால் எருக்குழியும் கழிவறைக் குழியும் அந்தக் கிணற்றுக்கு 50 அடிக்குள் இருக்கக்கூடாது. பள்ளத்துப் பக்கம்தான் இருக்க வேண்டும். மேட்டில் குப்பையைக் கொட்டிவிட்டுக் கீழே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

மரம் வைக்கும்போது ஆனி, ஆடிக் காற்றை நினையுங்கள். மேற்கே வேம்பும் புங்கனும் வரிசையாக இருந்தால் புழுதி அடங்கும். மா, தென்னை சுவருக்கு 25 அடிக்குக் குறையாமல் தள்ளி நிற்கட்டும். முருங்கையை வாசலில் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது: கிளை சட்டென்று முறியும், கம்பளிப்புழு வீட்டுக்குள் ஏறும். கொல்லை மூலையில் வையுங்கள். பி.கே.எம். 1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி வளர்ந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துக் காய் கைக்கு எட்டும். காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும்.

சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம். மொத்தமாகத் தெளிக்காமல் வாரம் ஒரு பாத்தியாக, விதையோடு மணல் கலந்து தெளியுங்கள். வாரா வாரம் கீரை கிடைக்கும்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம், கவலையே வேறு. அங்கே தண்ணீரோடு மண்ணும் போகிறது. வீட்டுக்கு மேல் சரிவில் கிடைக்கிற கல்லை அடுக்கிக் குறுக்கே வரப்புப் போடுங்கள். பலா, எலுமிச்சைக் கன்றுக்குக் கீழ்ச்சரிவுப் பக்கமாகப் பிறைபோலக் கரை கட்டினால் ஓடுகிற தண்ணீர் தூரில் நிற்கும். வீட்டை ஒட்டிய கடுக்காய், புளிய மரங்களை விறகுக்காக மொட்டையடிக்க வேண்டாம்.

கன்றுக்குழியை வைகாசியிலேயே வெட்டி வெயில் காய விடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்பி, மழை பிடித்ததும் நடலாம். ஆடு இருக்கிற வீடென்றால் முதலில் வேலி, பிறகுதான் கன்று. கிளுவைப் போத்து நட்டு, இடையிடையே நொச்சியும் ஆடாதொடையும் வையுங்கள். இந்த இரண்டிலும் ஆடு வாய் வைக்காது.