இன்றியமையாமை: ஒரு சொல்லாராய்ச்சி

அவசியம், தேவை, கட்டாயம், இன்றியமையாமை என்னும் சொற்களை ஒருபொருட் கிளவிகளாகக் கொண்டு, ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பெய்து எழுதுதல் இன்று பெருவழக்காக உள்ளது. மெய்ப்பொருள் நூல்களை மொழிபெயர்ப்பார்க்கு இதனால் விளையும் இடர் சிறிதன்று.

அவசியம் வடசொல், வசப்படாதது என்பது அதன் பகுப்பு. இலத்தீன மொழியின் 'நெகெஸ்ஸே' என்பதற்கும் விலக இடமின்மை என்றே பலர் மூலப்பொருள் கூறுவர். இரண்டும் ஒருவன் விருப்பத்தை மீறி நிற்கும் வன்மையைச் சுட்டுவன.

இன்றியமையாமை இத்தகையதன்று. இப்பொழுது ஒரு பெயராய் நிற்பினும், தோற்றத்தில் இஃது ஒரு தொடரேயாம். நற்றிணை முதற் பாட்டிலும் குறள் 20இலும் 'இன்று அமையா', 'இன்று அமையாது' என அத்தொடர் வருகின்றது. ஈண்டு 'இன்று' என்பது நாளைக் குறித்ததன்று. இன்றி என்னும் வினையெச்சத்து ஈற்று இகரம் செய்யுளுள் உகரமாதலைத் தொல்காப்பியம் உயிர்மயங்கியலில் கூறும். நன்னூலும் அதனை உடன்படும்.

அமைதலாவது பொருந்துதல், நிலைபெறுதல், நிறைவுறுதல். எனவே, 'அது இல்லாதவழி இது நிலைபெறாது' என இரு பொருள்களின் தொடர்பையே இச்சொல் உணர்த்துகின்றது. நற்றிணையில் தலைவனின்றி அமையாதவள் தலைவி. குறளில் நீரின்றி அமையாதது உலகு. தூதுரைப்பார்க்கு இன்றியமையாதன மூன்று என 682ஆம் குறள் எண்ணுவதும் இம்முறையே.

இவற்றினும் சிறந்த சான்று 961ஆம் குறள். இன்றியமையாச் சிறப்பின ஆயினும், குடிப்பெருமை குன்ற வருவனவற்றை விடுக என்கின்றார் வள்ளுவர். அச்சொல்லுக்குத் தவிர்க்கவொண்ணாக் கட்டாயம் என்று பொருள் கொள்ளின், விடுக என்னும் ஏவல் பொருளற்றதாகும். தவிர்க்க இயலாததை எங்ஙனம் விடுவது? விட்டால் வாழ்வு அமையாது என்பதே கருத்து. அமையாது போயினும் விடுக என்பது அறத்தின் ஆணை. சொல்லின் பொருளைத் திரித்துவிடின், 'ஆயினும்' என்பதன் ஆற்றல் முழுதும் கெடும்.

ஆதலின், ஒன்றன் நிலைபேற்றுக்கு மற்றொன்று முன்வேண்டப்படும் இடத்தில் 'இன்றியமையாமை' மிகப் பொருந்தும். இரண்டும் மூன்றும் கூடின் ஐந்தே ஆதல் போன்ற, பிறிதாதற்கு இயலாமைக்கு அதனை வழங்குதல் பொருந்தாது. அளவை நூலார் அதற்கு வேறு சொல் காணல் வேண்டும்.