நிலப்படத்தில் வாழும் அரபுச் சொற்கள்

நம் பிள்ளைகளின் புவியியல் நூலிலுள்ள ஐரோப்பாவின் நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். தென்மேற்கு மூலையில் ஜிப்ரால்டர் என்ற சிறு பெயர் காணப்படும். ஹிஜ்ரி 92இல், அதாவது கி.பி. 711இல், தளபதி தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து சென்று இறங்கிய மலை அது. 'ஜபல்' என்றால் மலை. 'ஜபல் தாரிக்' என்பதே ஐரோப்பியர் நாவில் ஜிப்ரால்டர் ஆயிற்று.

ஸ்பெயினின் குர்துபா, இஷ்பீலியா நகரங்கள் வழியே ஓடும் நதி குவாதல்கிவிர். இது 'அல்வாதீ அல்கபீர்', அதாவது பேராறு. குவாதலஹாரா என்னும் ஊர்ப்பெயரோ 'வாதீ அல்ஹிஜாரா'. கற்கள் நிறைந்த பள்ளத்தாக்கு என்பது பொருள். இந்த அரபுப் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்ற ஸ்பானியர், மெக்சிகோவிலும் ஒரு நகருக்குச் சூட்டினர்!

1492இல் கர்னாத்தா வீழ்ந்தது. அங்கு அரபு மொழியைப் பேசவும் எழுதவும் 1567இல் மன்னர் இரண்டாம் பிலிப் தடை விதித்தார். 1609 முதல் முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். பேசிய மக்கள் சென்றனர். அவர்கள் இட்ட பெயரைத் தாங்கியே நதி இன்றும் ஓடுகிறது.

ஆட்சியின் வழியாக மட்டுமன்றி, வணிகத்தின் வழியாகவும் அரபுச் சொற்கள் பரவின. தென்மேற்குக் காற்றில் இந்தியக் கரைக்கு வந்து, வடகிழக்குக் காற்றில் தாயகம் திரும்பிய அரபு மாலுமிகள், கடற்பயணத்திற்குரிய பருவத்தை 'மவ்ஸிம்' என்றனர். அச்சொல்லைப் போர்த்துகீசியர் ஏற்க, அவர்கள் வழியே அது ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆனது. நமது சோழமண்டலக் கரைக்கும் அவர்கள் 'மஅபர்' எனப் பெயரிட்டனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். பயணி இப்னு பதூதாவின் குறிப்புகளிலும் அப்பெயர் இடம்பெற்றுள்ளது.

ஜபல், வாதீ, கபீர், ஹிஜாரா ஆகிய சொற்கள் திருக்குர்ஆன் ஓதும் பிள்ளைக்குப் புதியன அல்ல. எனினும் மத்ரஸாவில் ஓதிய சொல்லும் பள்ளிக்கூடத்தில் படித்த பெயரும் ஒன்றே என அப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்வோர் மிகச் சிலரே. மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்ற எண்ணம் இளம் உள்ளத்தில் வேரூன்றுவது இப்படித்தான். இன்றிரவு பிள்ளைகளுடன் அமர்ந்து அந்நிலப்படத்தை விரியுங்கள். ஜிப்ரால்டரைச் சுட்டிக்காட்டி, அதில் மறைந்துள்ள மலையை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.