திறவுகோல் யார் கையில்?

வங்கிப் பெட்டகத்தில் நகையை வைத்தோர் அதன் திறவுகோலைத் தொலைத்துவிடின், வங்கி முகாமையாளரிடஞ் சென்று முறையிடலாம். கிரிப்டோ நாணயம் வைத்திருப்போருக்கோ அத்தகைய முகாமையாளர் எவரும் இலர். 2009ஆம் ஆண்டில் தோன்றிய பிட்கொயின் எந்த அரசின் பொறுப்பிலும் இயங்குவதன்று. அதன் கணக்கு உலகெங்குமுள்ள கணினிகளிற் பதிவாகியிருக்கின்றது. நாணயத்தைப் பிறருக்கு மாற்றும் அதிகாரத்தைத் தருவது ஓர் இரகசிய எண் மட்டுமே. அவ்வெண்ணை அறிந்தவர் எவரோ, அவரே நாணயத்தை ஆள்பவர்.

அந்த எண்ணைப் பிறரிடம் ஒப்படைத்தால் யாது நேரும்? டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ் என்னும் நாணயமாற்று நிலையம் 2014ஆம் ஆண்டு முறிந்தபோது, ஏறத்தாழ 850,000 பிட்கொயின்கள் காணாமற் போயின என அறிவித்தது. அவற்றுட் சுமார் 200,000 மட்டுமே பின்னர் அகப்பட்டன. சொந்தக் கணினியில் வைத்திருப்பினும், இணையவழி புகும் திருட்டு நிரல்கள் அதனைக் கவர்ந்து செல்லக்கூடும்.

இவ்விரு இடர்களுக்கும் பரிகாரமாக எழுந்ததே வன்பொருட் பணப்பை என்னுஞ் சிறு கருவி. செக் நாட்டின் ட்ரெசோர் 2014இல் வெளிவந்தது. பிரான்சு நாட்டின் லெட்ஜர் அதனைத் தொடர்ந்தது. பணப்பை என்று பெயர் பெறினும் இதனுள் நாணயம் இல்லை. இரகசிய எண்ணே உண்டு. கணினி அனுப்பும் கட்டளைக்குக் கருவி தன்னுள்ளேயே ஒப்பமிட்டு, ஒப்பத்தை மட்டும் வெளியே விடுகின்றது.

இதனைத் தெரிவுசெய்வோர் நோக்கவேண்டியவை மூன்று.

முதலாவது, வாங்கும் இடம். உற்பத்தியாளரிடமோ அவர் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குதல் வேண்டும். லெட்ஜர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியன 2020இல் களவுபோயின. 2021இல் அவர்களுட் சிலருக்குப் போலிக் கருவிகள் தபாலில் வந்து சேர்ந்தன.

இரண்டாவது, திரை. பெறுநரின் முகவரியும் தொகையும் கருவியின் திரையிலேயே தெளிவாகத் தோன்றவேண்டும். 2025 பெப்ரவரியில் பைபிட் நிலையம் சுமார் 150 கோடி டொலர் பெறுமதியான நாணயத்தை இழந்தது. கள்வர் கணினித் திரையில் தோன்றியதை மாற்றியமைத்திருந்தமையால், பொறுப்பாளர்கள் உண்மையை அறியாது ஒப்பமளித்தனர்.

மூன்றாவதும் முதன்மையானதும் மீட்புச் சொற்கள். கருவி முதலில் இயங்கும்போது, 2048 சொற்கொண்ட பட்டியலிலிருந்து வழமையாக 12 அல்லது 24 சொற்களைத் தெரிந்து காட்டும். கருவி உடையினும் தொலையினும் அச்சொற்களை வேறொரு கருவியில் இட்டு நாணயத்தை மீட்கலாம். சொற்கள் முன்னரே அச்சிடப்பெற்று வருங் கருவியைத் தொடவுங் கூடாது. அதனை அனுப்பியவன் அவற்றை அறிவான்.

விலையுயர்ந்த கருவியை வாங்கியபின் அச்சொற்களைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வைப்பவர், கதவைப் பூட்டித் திறவுகோலை வாயிற்படியில் விட்டவராவார். தாளில் எழுதியோ உலோகத் தகட்டிற் பொறித்தோ பத்திரப்படுத்துக. எவர் கேட்பினும் சொல்லற்க. பெருந்தொகையை இடுமுன், சிறுதொகையை இட்டு, கருவியை வெறுமையாக்கி, சொற்களைக் கொண்டு மீட்டுப் பார்த்தல் அறிவுடைமை.

இன்னுமொன்று. அச்சொற்கள் இருக்குமிடத்தைக் குடும்பத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவராவது அறிந்திருத்தல் வேண்டும். உரியவர் திடீரென மறைந்தால், மனைவி மக்கள் எந்த நீதிமன்றத்தை நாடினும், அச்சொற்களின்றிக் கருவியிற் காத்த செல்வம் அவர்களைச் சேராது.