சரிந்து சரிந்து உயரும் கோபுரம்

வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சிகள் 20, ஒரு கஜம் ஒட்டுநாடா, ஒரு கஜம் நூல், மெத்தென்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஒன்று. இவற்றைக் கொண்டு நால்வர் சேர்ந்து 18 நிமிடங்களில் ஒரு கோபுரம் கட்ட வேண்டும். அதன் உச்சியில் மிட்டாய் நிற்க வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கிய இந்தப் பயிற்சியைப் பல குழுக்களிடம் நடத்திப் பார்த்த டாம் வூஜெக், 2010இல் டெட் மேடையில் ஒரு வியப்பான முடிவைச் சொன்னார். மேலாண்மைப் பட்டதாரிகளைவிட மழலையர் பள்ளிப் பிள்ளைகள் கட்டும் கோபுரங்களே சராசரியில் உயரமானவை!

காரணம் அவர்கள் வேலை செய்யும் முறையில் இருக்கிறது. பட்டதாரிகள் பேசித் திட்டமிட்டு, கட்டி முடித்து, கடைசி நிமிடத்தில் மிட்டாயை வைக்கிறார்கள். இலேசானது என்று நினைத்த மிட்டாயின் எடையில் குச்சிகள் வளைந்து எல்லாம் சரிகிறது, திருத்த நேரமில்லை. பிள்ளைகளோ தொடக்கத்திலேயே மிட்டாயை வைத்துச் சிறிதாகக் கட்டுகிறார்கள். சரிந்தால் எங்கே சரிந்தது என்று பார்த்து மாற்றிக் கட்டுகிறார்கள். மாதிரி செய், சோதி, திருத்து: சிக்கல்களுக்குத் தீர்வு காணும் ‘வடிவமைப்புச் சிந்தனை’ என்ற முறையின் பிற்பாதி இதுதான்.

முற்பாதி, பிறர் நிலையை உணர்வது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த கிரண் பீர் சேத்தி, 2001இல் அகமதாபாத்தில் ரிவர்சைடு பள்ளியைத் தொடங்கினார். அங்கே குழந்தை உரிமைகளைப் படித்த ஐந்தாம் வகுப்பு மாணவர்கள், எட்டு மணி நேரம் ஊதுபத்தி உருட்டிப் பார்த்தார்கள். குழந்தைத் தொழிலாளியின் முதுகுவலி என்ன என்பது தங்கள் உடம்பிலேயே தெரிந்தது. பிறகு ஊருக்குள் போய், இது ஒழிய வேண்டும் என்று பெரியவர்களிடம் வாதாடினார்கள். உணர், கற்பனை செய், செய், பகிர் என்ற நான்கு படிகளாக இந்த முறை 2009இல் ‘டிசைன் ஃபார் சேஞ்ச்’ இயக்கமாகி, பல நாடுகளுக்குப் பரவியது.

ஆசிரியப் பயிற்சிக்கும் இதே முறை வேண்டும். பாடக்குறிப்பைக் குறையில்லாமல் எழுதி முடித்து, பாடவேளையில்தான் முதன்முதலாகப் பிள்ளைகளைச் சந்திக்கும் பயிற்சி ஆசிரியர், மிட்டாயைக் கடைசியில் வைக்கும் பட்டதாரியின் நிலையில் இருக்கிறார். பின்னம் நடத்தும் முன் நான்கு பிள்ளைகளிடம் பத்து நிமிடம் முயன்று பார்க்கட்டும். அரையைவிடக் கால் பெரிது, இரண்டைவிட நான்கு பெரிதல்லவா என்று ஒரு குழந்தை சொன்னால், பாடத்தை எங்கே திருத்த வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பயிற்சி நிறுவனங்கள் மதிப்பெண் போடும்போது முதல் குறிப்பை மட்டும் பார்க்காமல், அதை எத்தனை முறை, எதற்காகத் திருத்தினார் என்பதையும் பார்க்க வேண்டும். தவறிலிருந்து கற்கத் தெரிந்த ஆசிரியரிடம்தான் பிள்ளைகள் பயமின்றித் தவறு செய்து கற்பார்கள்.