ஜெட் என்ஜின் ரிமோட் கார்: பார்சல் வரும் முன்பே படித்துவிடுங்கள்

சின்ன டர்போஜெட் என்ஜினை ரிமோட் காரில் பொருத்தி ஓட்டிப் பார்க்கும் ஆசை நம் பொறியியல் மாணவர்களிடம் வளர்ந்து வருகிறது. நல்ல ஆசை. ஆனால் அவர்கள் என்னைத் தேடி வரும் நேரம்தான் நல்லதாக இருப்பதில்லை. பார்சல் சுங்கத்தில் மாட்டி, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள். இன்னும் சிலர், சர்வீஸ் ரோட்டில் விடியற்காலையில் வண்டியை ஓட்டி, அது யார் மீதோ மோதியபின் வருகிறார்கள். இரண்டுமே முன்கூட்டித் தவிர்க்கக்கூடியவை.

வண்டியைப் பற்றி முதலில் கொஞ்சம். மாடல் டர்பைன் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பின்னால் வரும் புகையின் வெப்பம் 600 முதல் 700 டிகிரி வரை போகும். 10 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 42 மீட்டர் கடக்கிறது. அந்த மோதலின் வலு, அதே எடையை இருபத்தைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒருவர் தலையில் போடுவதற்குச் சமம். இதைப் பொம்மை என்று யாரும் சொல்லாதீர்கள். முக்கியமாக, சுங்கத்துக்குக் கொடுக்கும் தாளில் சொல்லாதீர்கள்.

ஏனென்றால் முதல் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விற்பவர் இன்வாய்ஸில் 'ஆர்.சி. டாய் பார்ட்ஸ்' என்று எழுதி அனுப்பிவிடுகிறார். பொம்மை என்றால் சுங்கப் பட்டியலில் 9503. அதன் அடிப்படை வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அத்துடன் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாவிட்டால் பொருளே உள்ளே வராது. உங்கள் என்ஜினோ டர்போஜெட். அதற்குத் தனியாக 8411 என்ற தலைப்பு இருக்கிறது. ஆகவே ஆர்டர் போடும்போதே விற்பவரிடம் சொல்லி, இன்வாய்ஸில் 'மாடல் டர்போஜெட் என்ஜின்' என்று எழுதவைத்து, மாடல் எண்ணையும் உந்துவிசையையும் சேர்க்கச் சொல்லுங்கள். விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். குறைத்துக் காட்டினால் பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அவர்களுக்கு வந்துவிடும்.

'அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கிஃப்ட் என்று போட்டு அனுப்பிவிடுவான்' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அன்பளிப்புப் பார்சலுக்கு 5,000 ரூபாய் வரை இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. கிஃப்ட் என்று எழுதுவதால் இன்று லாபம் எதுவும் இல்லை. சந்தேகம்தான் மிஞ்சும்.

சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்ய ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் தேவையில்லை. கூரியர் நிறுவனம் அது இல்லாமல் முடியாது என்றால், தனிநபர் உபயோகத்துக்கு விலக்கு உண்டு என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள். ஆதார் அல்லது பான் நகல், பணம் கட்டிய வங்கி விவரம், என்ஜினின் தொழில்நுட்பத் தாள், கல்லூரிப் புராஜெக்ட் என்றால் துறைத் தலைவர் முத்திரையிட்ட கடிதம் எல்லாம் பார்சல் கிளம்பும் முன்பே ஒரே கோப்பில் இருக்கட்டும்.

இனிதான் முக்கியம். அதிகாரி பொருளை நிறுத்திவைத்தால் வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். 'மேலிடத்தில் கேட்கணும், அடுத்த வாரம் வாங்க' என்று அலைக்கழிப்பது அந்தக் கவுன்டர்களில் தினமும் நடக்கிறது. எந்தப் பிரிவின் கீழ் நிறுத்தினீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வரி வகைப்பாட்டில்தான் தகராறு என்றால், சுங்கச் சட்டம் 1962இன் 17(5) பிரிவைக் குறிப்பிட்டு, காரணங்களோடு கூடிய உத்தரவு கேளுங்கள். மறுமதிப்பீட்டை எழுத்தில் ஏற்காதவருக்கு 15 நாளில் அந்த உத்தரவைத் தர வேண்டும். காரணம் சொல்லும் உத்தரவு கையில் இல்லாவிட்டால் மேல்முறையீட்டில் வாதிடுவது கடினம்.

பறிமுதல் என்று பேச்சு வந்தால் 124ஆம் பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பு. காரணம் கேட்கும் நோட்டீஸ் தராமல், உங்கள் தரப்பைக் கேட்காமல் பறிமுதல் செய்ய முடியாது. அதே பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: சம்பந்தப்பட்டவர் கேட்டுக்கொண்டால் நோட்டீஸை வாய்மொழியாகவே தரலாம். அதனால்தான் 'எழுத்துமூல நோட்டீஸ் வேண்டாம், நேரடி விசாரணையும் வேண்டாம்' என்று அச்சடித்த தாளை நீட்டுகிறார்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்ற ஆசையில் பையன்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். போடாதீர்கள். படிக்காமல் ஒரு தாளிலும் போடாதீர்கள்.

கைப்பற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் வராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 110(2). ஆணையர் காரணத்தைப் பதிவுசெய்து, உங்களுக்கும் தெரிவித்து இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். இடையில் 110ஏ பிரிவின்படி தற்காலிக விடுவிப்புக்கு மனு கொடுக்கலாம், பத்திரமும் பிணையும் கேட்பார்கள். தற்காலிக விடுவிப்புக்கு உத்தரவு வந்துவிட்டால் அந்த ஆறு மாதக் கணக்கு பொருந்தாது. எது லாபம் என்று யோசித்துவிட்டு மனுவைக் கொடுங்கள். நிறுத்திவைத்த காலத்துக்குக் கிடங்கு வாடகை கேட்டால், 2009ஆம் ஆண்டுச் சரக்குக் கையாளல் விதிகளின் 6(1)ஐக் காட்டி, பொருளை நிறுத்திவைத்ததை உறுதிசெய்யும் தடுப்புச் சான்றிதழைச் சுங்கத்திடம் கேளுங்கள்.

உத்தரவு பாதகமாக வந்தால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் சுங்க ஆணையர் (மேல்முறையீடு) அலுவலகத்தில் சி.ஏ.-1 படிவத்தை இரண்டு பிரதியாக, உத்தரவின் சான்றிட்ட நகலோடு தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள் மன்னிப்பார்கள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் அவருக்கே அதிகாரம் இல்லை. தகராறில் உள்ள வரியில், அல்லது அபராதம் மட்டும் என்றால் அபராதத்தில், 7.5 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். 60 நாள் என்பதைக் காலண்டரில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு உரிமையை இழந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து டிரான்ஸ்மிட்டர். வயர்லெஸ் கருவி என்பதால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. என்ற கருவி வகை ஒப்புதல் அதற்கு வேண்டும். என்ஜினோடு ரேடியோவையும் ஒரே பெட்டியில் வரவழைத்தால் ரேடியோவுக்காக என்ஜினும் சேர்ந்து நிற்கும். இந்தியாவில் ஒப்புதல் பெற்று விற்பவரிடம் வாங்கி, அந்த மாடலுக்கான இ.டி.ஏ. நகலைக் கேட்டு வைத்துக்கொள்வதே நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005 முதல் உரிமம் தேவையில்லை. தொலைதூரம் எட்டும் என்று ஆசைப்பட்டு 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் வாங்காதீர்கள். அது அமெரிக்காவுக்கானது. இங்கே அந்தப் பகுதியை ஒட்டி செல்போன் அலைவரிசை ஓடுகிறது. நமக்கு உரிமமின்றித் திறந்திருப்பது 865 முதல் 868.

பேட்டரியை விமானத்தில் கொண்டுவருபவர்கள் கணக்குப் போடுவதே இல்லை. 22.2 வோல்ட், 5000 எம்.ஏ.எச். லைப்போ என்றால் 111 வாட்-மணி. 100ஐத் தாண்டினால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், 160க்கு மேல் பயணி கொண்டுபோகவே முடியாது. தனி பேட்டரி எப்போதும் கைப்பையில்தான்.

இப்போது வண்டிக்கு வருவோம். ஜெட் காரில் சக்கரத்துக்கு விசை போவதில்லை. வண்டியை நேராக வைத்திருப்பது சக்கரங்களின் பிடிமானமும் காற்றும்தான். என்ஜின் எடைமையத்துக்கு மேலே அதிக உயரத்தில் இருந்தால் மூக்கு அழுந்தி, பின்பக்கம் லேசாகி, வால் சுற்றும். கீழே இருந்தால் மூக்கு தூக்கும், அடியில் காற்றுப் புகுந்தால் கவிழும். ஆகவே முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், பின்னால் செங்குத்துத் துடுப்பு ஒன்று இருக்கட்டும். எரிபொருள் தீரத் தீர எடைச் சமநிலை மாறாதபடி டேங்க் எடைமையத்தில் இருக்கட்டும். 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் 150 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8,000 சுற்றுச் சுற்றும். சாதாரண ரப்பர் டயர் அந்த வேகத்தில் ஊதிப் பிய்ந்துபோகும். உள்ளே பெல்ட் வைத்த டயரைத்தான் ஒட்டிப் போட வேண்டும்.

வண்டி திசை மாறினால் முன் சக்கரத்தைத் தானே திருத்தும் கைரோவைப் பொருத்தியதும் முதல் வேலை, வண்டியின் மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். முன் சக்கரம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். மாறித் திரும்பினால் கைரோவே வண்டியைச் சுழற்றிவிடும். கெயினை, அதாவது அது திருத்தும் அளவை, குறைவாகத் தொடங்கி ஏற்றுங்கள். மெதுவாகப் போகும்போது சரியாகத் தெரியும் கெயின், வேகம் கூடும்போது வாலை ஆட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு அது. பல ரேடியோக்கள் பெட்டியிலிருந்து வரும்போதே 'கடைசி நிலையில் நில்' என்றுதான் வருகின்றன. முழு த்ராட்டிலில் சிக்னல் போனால் முழு த்ராட்டிலிலேயே ஓடும் என்று அர்த்தம். த்ராட்டில் சேனல் என்ஜினை அணைக்கும் நிலைக்கும், பிரேக் சேனல் முழுப் பிடிப்புக்கும் போகும்படி நீங்களே பதிய வேண்டும். வண்டியைத் தாங்கியில் கட்டி, என்ஜின் ஓடாதபோது டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். பிறகு ஐடிலில் ஒருமுறை. ரிசீவரை மாற்றினால் மீண்டும், மென்பொருளைப் புதுப்பித்தால் மீண்டும். அணைத்த பின்னும் டர்பைன் சில நொடி தள்ளிக்கொண்டேயிருக்கும். 150 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, நல்ல பிரேக் இருந்தாலும் 200 மீட்டருக்கு மேல்கூடத் தேவைப்படலாம். ஃபெயில்சேஃப் சோதிக்காத வண்டியை இயக்கக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், கூடவே கூடாது.

என்ஜின் ஓடும்போது பின்னாலும், உள்ளே சுழலும் டர்பைன் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டிலும் யாரும் நிற்க வேண்டாம். தீயணைப்பான் கார்பன் டை ஆக்சைடு வகையாக இருக்கட்டும், பவுடர் உள்ளே போனால் என்ஜினும் போய்விடும். எரிபொருளுக்கு ரேஷன் மண்ணெண்ணெய் பயன்படுத்தாதீர்கள். நீலச் சாயம் போட்டது எதற்கு என்று அரசு தெளிவாகச் சொல்லியிருக்கிறது, சமையலுக்கும் விளக்குக்கும் தவிர வேறெதற்கு எடுத்தாலும் அத்தியாவசியப் பொருள் சட்டத்தில் வழக்கு வரும்.

ஓட்டும் இடம் பற்றி. பொதுச் சாலை வேண்டாம், ஆளில்லாத நேரத்திலும் வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவின்படி, யாருக்கும் அடிபடாவிட்டாலும் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததே மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். கொடுங்காயம் என்றால் மூன்றாண்டு வரை. உயிர் போனால் 106(1), ஐந்தாண்டு வரை. சோழவரத்தில் ஒரு காலத்தில் பந்தயம் நடந்ததே என்று சொல்லி, பழைய ஓடுதளங்களுக்குள் வேலி தாண்டுவது அத்துமீறல். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் முறையான பந்தயத் தடங்கள் இருக்கின்றன. நிர்வாகத்துக்கு எழுதுங்கள்: வண்டியின் எடை, எதிர்பார்க்கும் வேகம், எரிபொருள் அளவு, ஃபெயில்சேஃப் சோதித்த விவரம், பார்வையாளர்கள் நிற்கும் தூரம். கல்லூரி மைதானம் என்றால் முதல்வரின் எழுத்துமூல அனுமதியும், மனிதர்களுக்கு நேரும் காயத்தை ஈடுசெய்யும் பொறுப்புக் காப்பீடும் வேண்டும். பாலிசியில் 'மோட்டார் விளையாட்டு விலக்கு' என்ற வரி இருக்கிறதா என்று ஏஜென்டைக் கேட்காமல் நீங்களே படியுங்கள்.

இந்திய விற்பனையாளர் குறையுள்ள என்ஜினைத் தலையில் கட்டினால் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் முதலில் பதியுங்கள். தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இ-ஜாக்ரிதி தளம் வழியாக வழக்குப் போடலாம், இரண்டாண்டுக்குள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள், என்ஜினின் கட்டுப்பாட்டுக் கருவியில் பதிவாகும் ஓட்ட நேரத்தையும் பிழைக் குறிப்பையும் அழிக்காமல் படமெடுத்து மனுவோடு இணையுங்கள்.