பிடித்து விடுவதற்காகவே மீன் பிடிக்கலாமா?

கோவளம், முட்டுக்காடு கழிமுகம், பாலாறு கடலில் சேரும் இடம் என விடுமுறை நாட்களில் தூண்டிலோடு போகும் நம் இளைஞர்கள் இப்போது அதிகம். கொடுவா மாட்டினால் புகைப்படம் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். "ஹஜ்ரத், நாங்கள் கொல்லவில்லையே! ஆற்றிலும் ஏரியிலும் இருப்பது பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட மீன்தானே?" என்று கேட்கிறார்கள்.

கடல் வேட்டையை அல்லாஹ் ஹலாலாக்கியது நமக்கும் பயணிகளுக்கும் உணவாகப் பயன்படுவதற்கு என்று சூரா அல்மாயிதாவின் 96-வது வசனம் சொல்கிறது. உயிருள்ள எதையும் குறிபார்த்து எறியும் இலக்காக ஆக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (ஸஹீஹ் முஸ்லிம்). உண்ணும் நோக்கமின்றி வெறும் பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவது மக்ரூஹ் என்றும், அது வதையாக மாறினால் ஹராம் என்றும் ஃபகீஹ்கள் கூறுகின்றனர். உண்பதற்கோ விற்பதற்கோ பிடிப்பவர் அதில் மகிழ்ச்சியும் அடைந்தால் குற்றமில்லை.

மீனை அறுக்கத் தேவையில்லை என்ற சலுகையை, மீனுக்கு வலியே இல்லை என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படி எந்தக் கிதாபிலும் இல்லை. முள் தொண்டைக்குள் இறங்கினால், அல்லது உலர்ந்த கையால் பிடித்து உடலின் வழவழப்பு உரிந்தால், விடப்பட்ட மீன் பிறகு நம் கண்ணில் படாமல் சாகலாம். அப்போது அது யாருக்கும் உணவும் ஆகவில்லை.

பொரிப்பக மீன் என்பதால் சட்டம் மாறுமா? குளத்தில் இருக்கும்வரை அது வளர்ப்பவரின் சொத்து; அனுமதியின்றித் தொடக்கூடாது. பொது ஆற்றில் விட்டபின் பிடிப்பவருக்கு உரியது. ஆனால் உயிர் என்ற வகையில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. முட்டுக்காட்டில் உள்ள 'சிபா' ஆய்வு நிலையம் 1997-ல் கொடுவாவைப் பொரிக்கச் செய்தது. அந்தக் குஞ்சும் அல்லாஹ்வின் படைப்புதான்.

பொரிப்பகக் குஞ்சை ஆற்றில் விடுவதே நன்மை என்றும் எண்ண முடியாது. கர்நாடகக் காவிரியில் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களில் மகசீர் மீனைப் பிடித்து விடுவது 2012 வரை நடந்தது. வெடி வைத்துப் பிடிப்பவர்களை அந்த முகாம்கள் தடுத்தன, உள்ளூராருக்கு வேலையும் கொடுத்தன; இதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத்துடுப்பு மகசீர் காவிரியில் விடப்பட்டது. 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதிவைத்த கணக்கை ஆய்வாளர்கள் பார்த்தபோது, வந்த மீன் பெருகியிருந்தது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகிப்போயிருந்தது. அதன் அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான்!

உணவுக்காகத் தூண்டில் போடும்போது சிறு மீன் மாட்டினால் விடுவது வேறு விஷயம், அது நல்லதே. கொடுவா ஆணாக வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரியது பெரும்பாலும் முட்டையிடும் தாய், அதையும் விடலாம். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை அறுத்துவிடுங்கள், அல்லது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையுங்கள். வீட்டுக்குப் போதுமான அளவு கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடலாம்.

வல்லாஹு அஃலம்.